போர் தண்ணியில் டிஷ்வாஷர் ஓடுமா? தண்டையார்பேட்டை வாசகிக்கு ஒரு வக்கீலின் பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர், தெரு எதையும் போடவில்லை. வயது 43. கணவருக்கு ஹார்பரில் ஷிப்ட் வேலை, இரண்டு பிள்ளைகள், கூடவே 71 வயது மாமியார். வாடகைக்கு மாடி போர்ஷன், கீழே ஹவுஸ் ஓனர். தினமும் காலையில் சமைத்து, பாரிமுனையில் ஓர் ஆபீசுக்கு 14 பேருக்கு மதியச் சாப்பாடு கேரியரில் அனுப்புகிறார். பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அம்மா ஊரோடு போய்விட்டார். இவருக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிறது, தோல் டாக்டர் சோப்புத் தண்ணியில் கையே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஆன்லைனில் வாங்கிய டிஷ்வாஷர் ஏழு மாதத்துக்கு முன் நின்றுபோனது. வந்த சர்வீஸ்காரர் ஜாப் ஷீட்டில் "ஹார்ட் வாட்டர், ஹீட்டரும் போர்டும் பழுது" என்று எழுதி 16 ஆயிரம் கேட்டிருக்கிறார். இப்போது புதிதாக ஒன்று வாங்க 45 ஆயிரம் சேர்த்து வைத்திருக்கிறார். கணவர் மேடையில் வைக்கிற சின்ன மெஷின் போதும் என்கிறார், கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படுகிறார். மாமியார் "மெஷினு குடம் குடமா தண்ணி குடிக்கும்" என்கிறார். இவருடைய கேள்விகள்: எந்த அளவு, எந்தக் கம்பெனி? சாப்பாடு விற்கிற வீடு என்று தெரிந்தால் வாரண்டி போய்விடுமா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகிற உரிமையும் போய்விடுமா? கடைசியாக, பழைய மெஷினுக்காகக் கேஸ் போடலாமா? "மெட்ராஸ் தண்ணி உப்புன்னு தெரிஞ்சுதானே வித்தாங்க, அப்ப அவங்கதானே பொறுப்பு?"

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பத்தொன்பது வருடமாக நுகர்வோர் வழக்குகள்தான் என் வேலை, அதில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் என்று வீட்டுச் சாமான் வழக்குகள் பாதிக்கு மேல். அந்த வழக்குகளில் பெரும்பாலானவை கடையில் பணம் கட்டுவதற்கு முந்தின பத்து நிமிடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்காததால் வந்தவை. அதனால் நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் சொல்லி முடித்துவிட்டு, அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன்.

பழைய மெஷினுக்குக் கேஸ் போடலாமா?

போட முடியும், ஆனால் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் அனுப்பிய வாரண்டி கார்டில் இரண்டு வருடம் என்று இருக்கிறது, மெஷின் நின்றது மூன்றரை வருடம் கழித்து. வாரண்டி முடிந்துவிட்டாலே வழக்கு செத்துப்போச்சு என்று அர்த்தமில்லை, தயாரிப்பிலேயே கோளாறு இருந்தது என்று காட்ட முடிந்தால் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதைக் காட்டுகிற பொறுப்பு உங்களுடையது. உங்கள் கடிதத்திலேயே மூன்றாவது பக்கத்தில், "உப்பு போடச் சொல்லி லைட் எரிஞ்சுது, நான் சமையல் உப்பைப் போட்டேன், அப்புறம் அதையும் விட்டுட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த உப்பு எதற்கு என்று உங்களுக்கு யாருமே சொல்லித்தரவில்லை, அதுதான் நடந்தது. "மெட்ராஸ் தண்ணி உப்பு என்று தெரிந்தே விற்றார்கள்" என்ற உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் கையேட்டில் தண்ணீரின் கடினத்தைச் சோதித்து அளவை அமைக்கவும், டிஷ்வாஷர் உப்பு மட்டுமே போடவும் என்று அச்சடித்திருந்தால் நுகர்வோர் ஆணையம், அதாவது நீங்கள் சொல்கிற கன்ஸ்யூமர் கோர்ட், அதைத்தான் முதலில் பார்க்கும். மெஷின் நின்று ஏழு மாதம்தான் ஆகிறது, புகார் கொடுக்கச் சட்டம் தருகிற இரண்டு வருடக் கெடு இன்னும் இருக்கிறது என்பது உண்மைதான். அந்த அலைச்சலைப் புது மெஷினைச் சரியாக வாங்குவதில் போடுங்கள்.

ஜாப் ஷீட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு மெஷினை என்ன செய்தது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே எழுத்து அதுதான். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு புது கடைக்குப் போங்கள்.

மெஷினுக்கு முன்னால் தண்ணீர்

தம்புச் செட்டித் தெருவில் இருக்கிற என் ஆபீசுக்கு ஒரு கட்சிக்காரர் கீசர் ஹீட்டர் ஒன்றைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தார். பிரித்து மேசையில் வைத்தால் கம்பியே கண்ணுக்குத் தெரியவில்லை. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, விரலால் தட்டினால் முட்டை ஓடு மாதிரி சில்லு சில்லாக உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் கம்பி கறுத்துப் பொத்தல் விழுந்திருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடாகும்போது பிரிந்து ஹீட்டர் மேல் படியும். படிந்த பிறகு சூடு தண்ணீருக்குப் போகாமல் ஹீட்டருக்குள்ளேயே நிற்கும், கடைசியில் அது வெந்து போகும். உங்கள் மெஷினுக்குள்ளும் அதுதான் நடந்திருக்கும்.

இதைத் தடுக்கத்தான் டிஷ்வாஷருக்குள் தண்ணீரை மென்மையாக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் இருக்கும் ரெசின் மணிகள் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததைக் கழுவி வெளியேற்றத்தான் அந்த உப்பு. பாத்திரத்தில் அது படுவதே இல்லை. சமையல் உப்புத் தூளில் கட்டி பிடிக்காமல் இருக்கக் கலக்கும் பொருள் இருக்கும், தூளும் நைசு, இரண்டுமாகச் சேர்ந்து அந்த அறையை அடைத்துவிடும். கட்டிக் கட்டியாக டிஷ்வாஷர் உப்பு என்றே தனியாக விற்கிறார்கள், அதை மட்டும்தான் போட வேண்டும்.

சரி, உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி? கடிதத்தில் "டிடிஎஸ் மீட்டர்ல 1,400 காட்டுது, அதனால மெஷின் தாங்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது நிறையப் பேர் குழம்புகிற இடம். அந்தப் பேனா மாதிரி மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புக்கும் சேர்த்து ஒரு எண்ணைக் காட்டும். சுண்ணாம்பு எவ்வளவு, சோத்து உப்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. மெஷினுக்குள் இருக்கும் ரெசின் சுண்ணாம்பைப் பிடிக்கும், சோத்து உப்பைப் பிடிக்காது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் தண்ணீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை, நம் கடலோரத் தெருக்களிலும் போர் தண்ணி வாயில் வைக்க முடியாத கரிப்பு. அந்தக் கரிப்புத் தண்ணீர் மெஷினுக்குள் அப்படியே போகும். வென்னீராகி ஸ்டீலை அரிக்கும், கண்ணாடி டம்ளரில் வெள்ளைத் திட்டு விடும். எவ்வளவு டிஷ்வாஷர் உப்பு கொட்டினாலும் அது மாறாது.

அதனால் லேபில் கொடுத்து மூன்று எண்கள் கேளுங்கள்: மொத்தக் கடினத்தன்மை (சுண்ணாம்பைக் காட்டும் எண்), குளோரைடு (கரிப்பைக் காட்டும் எண்), டிடிஎஸ். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பரவாயில்லை. குளோரைடு 250, அதிகபட்சம் 1,000. மெஷின் கையேடுகளில் பெரும்பாலும் ஜெர்மன் டிகிரி என்று ஒரு கணக்கில் போட்டிருப்பார்கள், லேப் எண்ணை 17.8ஆல் வகுத்தால் அது வந்துவிடும். 600 என்றால் ஏறக்குறைய 34 டிகிரி. நீங்கள் பார்க்கிற மாடல் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று கையேட்டிலேயே இருக்கும். லேப் ரிசல்ட் வரும் வரை கைவசம் ஒரு வழி: சுத்தமான பாட்டிலில் பாதி போர் தண்ணி, அதில் கட்டித் துணி சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் மெட்ரோ தண்ணியில் (குடிநீர் வாரியம் விடுகிற தண்ணீர்) அதையே செய்யுங்கள். நுரை வராமல் பால் திரிந்த மாதிரி மிதந்தால் அது கடினத் தண்ணீர். பவுடரிலோ டிடர்ஜென்ட் கட்டியிலோ செய்து பார்க்காதீர்கள், அவை எந்தத் தண்ணியிலும் நுரைக்கும்.

இந்தச் சோதனையை மெட்ரோ தண்ணியிலும் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு தண்ணியும் இருக்கிறது: மாடித் தொட்டிக்கு ஏறுவது போர், கீழே சம்ப்பில் விழுவது மெட்ரோ, அதை அடிபம்பில் அடித்து மேலே தூக்கி வருகிறீர்கள். வடசென்னைக்குப் புழல் தண்ணீரும் வருகிறது, 2010இல் திறந்த காட்டுப்பள்ளி ஆலையிலிருந்து கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீரும் வருகிறது, அந்த ஆலையின் கொள்ளளவு நாளுக்குப் 10 கோடி லிட்டர். பொதுவாக இந்தத் தண்ணீர் நம் போர் தண்ணியைவிட எவ்வளவோ மேல். மெஷினுக்குப் போர் லைனை விட்டுவிட்டு மெட்ரோ தண்ணியைக் கொடுக்க முடிந்தால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்தது.

"அவ்வளவு மெட்ரோ தண்ணிக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் படியுங்கள். ஒரு முழு அளவு மெஷின் ஒரு தடவை ஓடச் சாதாரணமாக 10 முதல் 15 லிட்டர் எடுக்கும். நம் பிளாஸ்டிக் குடம் ஒன்று கிட்டத்தட்ட 15 லிட்டர். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு குடம். 14 கேரியரையும் வீட்டுப் பாத்திரத்தையும் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் எத்தனை குடம் ஆகிறது என்பதை அவரே ஒரு நாள் வாளி வைத்து அளந்து பார்க்கட்டும். அவர் பயம் பொய்யில்லை. 2003, 2004இல் லாரிக்காகக் குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருந்தவர்கள், 2019 கோடையில் மறுபடியும் அதைப் பார்த்தவர்கள், தண்ணீரைப் பற்றிப் பேசினால் நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இந்த விஷயத்தில் கணக்கு மெஷின் பக்கம்.

மாடியில் மெட்ரோ தண்ணிக்கென்று தனியாக 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, சம்ப்பிலிருந்து சின்ன மோட்டாரில் ஏற்றினால் போதும். ஒன்றைக் கவனியுங்கள், தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் அழுத்தம் குறைவு. நான் பார்த்த கையேடுகளில் குறைந்தபட்ச அழுத்தம் 0.3 பார், சிலவற்றில் 0.5 பார் என்று இருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார், அப்படியென்றால் மெஷின் வால்வுக்கு மேலே மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். உங்கள் தளம் பத்தடி, டிரம்மை ஐந்தடி ஸ்டாண்டில் ஏற்றினால் நாலு மீட்டர்தான் கிடைக்கும். 0.3 போதும் என்கிற மாடலாகப் பாருங்கள், இல்லையென்றால் சின்ன பிரஷர் பம்ப் ஒன்று சேர்க்க வேண்டிவரும்.

சின்னதா பெரியதா?

கணவர் சொல்கிற மேடை மெஷின் எட்டு பிளேஸ் செட்டிங். இந்த "செட்டிங்" கணக்கு ஐரோப்பியச் சாப்பாட்டு மேசைக்காகப் போட்டது: ஓர் ஆளுக்கு இத்தனை தட்டு, ஒரு கப், ஒரு டம்ளர், ஸ்பூன், ஃபோர்க். குழம்புச் சட்டி, குக்கர், இட்லித் தட்டு, அஞ்சு லிட்டர் சாம்பார் குண்டான் இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. 14 பேருக்கு மூன்று அடுக்குக் கேரியர் என்றால் கிண்ணம் மட்டுமே 42. எட்டு செட்டிங் மெஷினில் அதையே இரண்டு தடவையாகத்தான் போட முடியும், அப்புறம் சமைத்த பாத்திரம் வெளியேதான் நிற்கும், அதைத் தேய்க்க மறுபடி உங்கள் விரல்தான் சோப்புத் தண்ணியில் போகும். எதற்காக வாங்குகிறோமோ அதுவே நடக்காது.

அதனால் 60 சென்டிமீட்டர் அகலத்தில் 13, 14 செட்டிங் போடும் முழு அளவு மெஷின்தான் உங்களுக்குச் சரி. இடம் உண்மையிலேயே இல்லை என்றால்தான் 45 சென்டிமீட்டர் ஒல்லி மாடல். கடைக்குப் போகும்போது உங்கள் பெரிய கடாயையும் குக்கரையும் பையில் எடுத்துப் போங்கள். கூச்சப்படாதீர்கள், கீழ்த் தட்டில் வைத்து, மேலே தண்ணீர் பீச்சும் கை இடிக்காமல் சுற்றுகிறதா என்று அங்கேயே கையால் சுழற்றிப் பாருங்கள். மேல் தட்டை உயர்த்தி இறக்க முடியுமா, 65 அல்லது 70 டிகிரியில் கழுவும் புரோகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். காசிமேட்டு வஞ்சிரமும் நெத்திலியும் வாரத்தில் நாலு நாள் புழங்கும் அடுப்படியில் அந்தச் சூடு இல்லாமல் கவுச்சி போகாது. செதிலையும் முள்ளையும் வழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும், அடியில் இருக்கும் ஃபில்டரை வாரம் ஒரு முறையாவது கழற்றிக் கழுவ வேண்டும்.

மீன் குழம்பு மண்சட்டி உள்ளே போகக் கூடாது, அது சோப்பைக் குடித்து மறுநாள் குழம்பில் விடும். ஈயச் சொம்பு, பித்தளை, இரும்பு தோசைக்கல், கல்சட்டி இவையும் வேண்டாம். அலுமினியக் குக்கர் கறுத்துப்போகும், ஸ்டீல் குக்கர் போடலாம், கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு. இவற்றை வேறு யாராவதுதான் கையால் கழுவ வேண்டும், அது உங்கள் கணவரோ பிள்ளைகளோ என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டுக்கு வருகிறேன். ஒரு ஓட்டத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட். தினம் இரண்டு ஓட்டம் என்றால் இரண்டு மாத பில்லில் 120 முதல் 180 யூனிட் கூடும். இது சின்ன எண் இல்லை, மறைக்க மாட்டேன். இப்போதைய உங்கள் பில்லை எடுத்து இதைக் கூட்டிப் பாருங்கள். 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்பதுதான் முக்கியம், தாண்டினால் கீழ் அடுக்குகளின் விகிதமும் சேர்ந்து மாறும். தாண்டும் போலிருந்தால் கேரியர் ஓட்டத்தை மட்டும் அதிகச் சூட்டில் வைத்து, இரவு ஓட்டத்தை ஈகோ புரோகிராமில் விடலாம். நேரம் கூட எடுக்கும், கரண்ட் குறையும்.

எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கிறீர்கள். பாஷ், ஐஎஃப்பி, எல்ஜி, வோல்டாஸ் பெக்கோ என்று கடையில் வரிசையாக நிற்கும், நான் ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன். இவற்றை எதிர்த்தும் இவற்றுக்காகவும் வழக்காடுகிற ஒரு தொழிலில் இருந்துகொண்டு அது முறையில்லை. தண்டையார்பேட்டைக்குச் சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருகிறார், உப்பும் பவுடரும் பக்கத்தில் கிடைக்கிறதா என்று விசாரித்து, அதில் முந்துகிற கம்பெனியை எடுங்கள்.

கேரியர் தொழில், வாரண்டி, கன்ஸ்யூமர் கோர்ட்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான், ஏனென்றால் நீங்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுப் பயந்திருக்கிறீர்கள்.

முதலாவது, சட்டத்தின் கண்ணில் நீங்கள் நுகர்வோரா? வியாபாரத்துக்காக வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், தன் கை உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. 1995இல் லக்ஷ்மி எஞ்சினியரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: ஆட்டோ வாங்கி அதைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், வாங்கி வேறு ஆளிடம் ஓட்டக் கொடுப்பவர் அப்படியில்லை. கூட ஒருவரோ இருவரோ உதவிக்கு இருந்தாலும் பரவாயில்லை. நீங்களே சமைத்து, நீங்களே கேரியர் கட்டி, மாமியார் காய் நறுக்கித் தருகிற தொழில் இது. உங்கள் உரிமை போகாது. நாளைக்குச் சமையலுக்கு நாலு ஆள் வைத்து நூறு பேருக்கு அனுப்ப ஆரம்பித்தால் அப்போது கதை வேறு.

இரண்டாவது வாரண்டி, அது தனி. அது கம்பெனி எழுதிய ஒப்பந்தம். "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று அநேகமாக எல்லாக் கார்டிலும் ஒரு வரி இருக்கும். ஆணையத்தில் நீங்கள் நுகர்வோராக நின்றாலும், "நிபந்தனையை மீறிப் பயன்படுத்தினார்" என்று கம்பெனி வாதாடலாம். மறைத்துவிட்டால் தெரியாது என்று நினைக்காதீர்கள், எத்தனை தடவை ஓடியது என்ற கணக்குச் சில மெஷின்களுக்குள்ளேயே பதிவாகும், சர்வீஸ்காரர் அதைப் பார்த்துவிடுவார். என் யோசனை, உள்ளதைச் சொல்லி, அதற்கு அவர்கள் தருகிற பதிலை எழுத்தில் வாங்குங்கள். "ஒரு வீட்டில் தினம் இரண்டு ஓட்டம் ஓட்டினால் வாரண்டி உண்டா?" என்று மெயிலிலோ வாட்ஸ்ஆப்பிலோ கேளுங்கள். ஒரு கம்பெனி முடியாது என்றால் அடுத்த கம்பெனியைக் கேளுங்கள். எல்லோருமே மறுத்தால், கேரியரைக் கையுறை போட்டுக்கொண்டு வீட்டில் வேறு யாராவது கழுவ, மெஷினை வீட்டுப் பாத்திரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி, அலுப்பான வழியும்கூட. ஹோட்டல்களுக்கான மெஷின் உங்கள் இடத்துக்கும் 45 ஆயிரத்துக்கும் அடங்காது.

ஸ்டிக்கரில் பெரிதாக "10 வருட வாரண்டி" என்று பார்த்தால் உடனே கேளுங்கள், எதற்குப் பத்து வருடம்? அநேகமாக மோட்டாருக்கோ உள் தொட்டிக்கோ மட்டும் இருக்கும். உங்கள் மெஷினில் போனது ஹீட்டரும் போர்டும், அவற்றுக்கு எத்தனை வருடம் என்பதுதான் உங்கள் கேள்வி. கடைக்காரர் கூடுதல் வாரண்டி என்று நாலாயிரம், ஐயாயிரம் கேட்பார். அதைத் தருவது மெஷின் கம்பெனியா, வேறு ஏதோ ஒரு கம்பெனியா? கடினத் தண்ணீரால் வரும் பழுது அதில் சேருமா? சேராது என்றால் உங்கள் வீட்டுக்கு அந்தக் காகிதம் உதவாது, அந்தப் பணத்தில் லேப் சோதனையும் டிரம்மும் முடிந்துவிடும்.

பில் இல்லாமல் எதுவும் வாங்காதீர்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதில்தான் வரும். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தால் பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். புது மெஷின் தகராறு செய்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டு முதலில் புகாரைப் பதியுங்கள். அதில் தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே, உங்களுக்கு வடசென்னை ஆணையம், மனு கொடுக்கலாம். கம்பெனியின் ஆபீஸ் டெல்லியில் இருந்தாலும் சரி, ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். உங்களைப் போன்றவர்கள் தாங்களே வந்து, தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து ஜெயித்ததை நான் எதிர்த்தரப்பில் நின்றே பார்த்திருக்கிறேன்.

ஹவுஸ் ஓனரும் பிளக் பாயின்ட்டும்

இது சின்ன விஷயம், ஆனால் விட்டால் பெரிதாகும். சுவரில் துளை, புது பைப், மொட்டை மாடியில் டிரம், சம்ப்பில் மோட்டார் எல்லாவற்றுக்கும் ஓனரிடம் ஒரு பேப்பரில் சம்மதம் வாங்குங்கள், வீடு காலி செய்யும்போது இவற்றைக் கழற்றிக்கொண்டு போவோம் என்றும் அதிலேயே எழுதுங்கள். அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிற சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

மெஷினுக்கு எர்த் உள்ள தனி 15 ஆம்ப்ஸ் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, கிரைண்டரோடு சேர்த்தும் மாட்டாதீர்கள். பழைய வீடுகளில் மூன்று துளை பாயின்ட் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, கசிவு வந்தால் தானே விழும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி ஒன்றையும் போட்டுவிடுங்கள். தண்ணீரும் கரண்டும் சேர்ந்து புழங்குகிற மெஷின் இது, இந்த ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி கடைக்கு. புரசைவாக்கமோ பெரம்பூரோ, நேரில் பார்த்து மாடலை முடிவு செய்யுங்கள். அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து கடையின் வாட்ஸ்ஆப் எண்ணுக்கும் கம்பெனியின் மெயிலுக்கும் கீழே இருக்கிறதை அப்படியே அனுப்புங்கள், லேப் ரிப்போர்ட்டையும் பழைய ஜாப் ஷீட்டையும் சேர்த்து:

"இன்ன மாடல் டிஷ்வாஷர் வாங்க இருக்கிறேன். என் வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மை இவ்வளவு, குளோரைடு இவ்வளவு. தொட்டி மெஷினுக்கு மேலே நாலு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து நானே சமைத்து 14 பேருக்குச் சாப்பாடு அனுப்புகிறேன், மெஷின் தினம் இரண்டு தடவை ஓடும். இந்த நிலையில் மெஷின் சரியாக ஓடுமா? ஹீட்டர், போர்டு இரண்டுக்கும் வாரண்டி உண்டா, எத்தனை வருடம்? இந்தத் தண்ணீருக்கு உப்பு அளவை எந்த எண்ணில் வைக்க வேண்டும்? பொருத்த வருபவர் அதை அமைத்து, ஜாப் ஷீட்டில் எழுதித் தருவாரா?"

எழுத்தில் பதில் வந்தபிறகு பணம் கட்டுங்கள். அந்தப் பதிலையும் பில்லையும் வாரண்டி கார்டையும் ஒரே கவரில் போட்டு, மாமியாரின் டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.